ஆணிக்குச் செவிடு

சரித்திரத்தைக் காப்பாற்றப் போகிறேன் என்று யாராவது மண்வெட்டியைத் தூக்கினால், இப்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முன்பு அப்படி இல்லை. நானே ஒரு நாள் முழுக்கச் சரித்திரத்தைக் காப்பாற்றிவிட்டு வந்த பிறகு ஏற்பட்ட கோளாறு இது. அந்த ஒரு நாள் வேலைக்குக் கூலியாகக் கிடைத்த பித்தளைப் பொத்தான் ஒன்று என் எழுதும் மேஜையில் கிடக்கிறது. வருகிறவர்களெல்லாம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "அடடா!" என்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசுகிறது. ஏன் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் தமக்கை மகன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் இருக்கிறான். கல்பெப்பர் என்று ஒரு சிறு நகரம். அதற்குப் பக்கத்தில் வீடு. "வந்து ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்க மாமா, கதை எழுத நல்ல இடம்" என்று வருஷக்கணக்காக அழைத்துக்கொண்டிருந்தான். போனேன். கதை ஒன்றும் எழுதவில்லை. அடுத்த வீட்டுக்காரரோடு சிநேகமாகிவிட்டேன். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயதுக்கு மேல். நல்ல மனிதர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதெல்லாம் அவருக்குப் பிடிக்காத சங்கதி.

அவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. உலோகம் காட்டும் யந்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வயல் வயலாக நடப்பார். மெட்டல் டிடெக்டர் என்றால் நமக்கு விமான நிலையமும் பெரிய கோயில்களின் வாசலும்தான் நினைவுக்கு வரும்; அரைஞாண் வெள்ளியைக் கண்டு கத்துமே, அதேதான். இது கைத்தடி மாதிரி நீளமாக இருக்கும். அடியில் தோசைக்கல் அளவில் ஒரு வட்டம். அதைத் தரையை ஒட்டி அப்படியும் இப்படியும் வீசிக்கொண்டே நடக்க வேண்டும். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் காதில் மாட்டியிருக்கும் குழாயில் சத்தம் கேட்கும். நின்று தோண்ட வேண்டியதுதான்.

அந்தப் பிரதேசத்தில் தோண்டுவதற்குச் சரக்கு உண்டு. 1861 முதல் 1865 வரை அமெரிக்கர்கள் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்ட உள்நாட்டுப் போரில், வர்ஜீனியாவைப் போல ரத்தம் குடித்த மண் வேறு இல்லை. கல்பெப்பருக்குப் பக்கத்திலுள்ள பிராண்டி ஸ்டேஷனில் 1863 ஜூன் 9-ஆம் தேதி நடந்த குதிரைப்படைச் சண்டைதான் அந்தக் கண்டத்திலேயே பெரிது என்கிறார்கள். அதே ஆண்டு டிசம்பரிலிருந்து அடுத்த மே மாதத் தொடக்கம் வரை, வடக்குத் தரப்பின் ஒரு லட்சம் போர்வீரர்கள் அங்கேதான் பனிக்காலத்தைக் கழித்தார்கள். மரத்தை வெட்டிக் குடிசை போட்டு, சமைத்து, சீட்டாடி, ஈயக் குண்டைச் செதுக்கிச் சதுரங்கக் காய் செய்து பொழுதைப் போக்கினார்கள். ஒரு லட்சம் பேர் ஐந்து மாதம் குடியிருந்தால் என்னென்ன தொலையும்! பொத்தான், வார்ப்பூட்டு, குண்டு, நாணயம், கரண்டி. அவற்றைத்தான் இவர்கள் தேடுகிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டபடியால் ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. விலைக்காகத் தேடுகிறவர் அல்ல என் நண்பர். அவர் வீட்டில் கண்ணாடிப் பெட்டிகளில் பஞ்சு வைத்து அடுக்கியிருக்கிறார்.

ஒரு நாள் காலை என் மருமகன் வந்து, "மாமா, இன்னிக்கு ஒரு புது மெஷின் பரீட்சை. வர்றீங்களா?" என்றான்.

இந்தப் 'பரீட்சை' என்பது ஒரு தனி இலக்கியம். யந்திரம் செய்கிற கம்பெனி புது மாதிரி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது, பழக்கப்பட்ட ஆசாமி ஒருவர் கையில் கொடுத்து, 'வயலில் நடத்திப் பார்த்து எழுதும்' என்கிறது. அவர் நடத்திப் பார்த்து எழுதுகிறார். இதற்கென்றே பத்திரிகைகள் இருக்கின்றன. இப்போது படம் பிடித்தும் காட்டுகிறார்கள். எத்தனை அங்குல ஆழத்தில் குண்டு கேட்டது, எத்தனை மணி நேரம் பேட்டரி தாங்கிற்று, தோள் வலித்ததா, மழையில் நனைந்தால் கெடுமா, கொடுத்த காசுக்குத் தகுமா? இவ்வளவுதான் கேள்விகள். நான் என் நண்பருடைய அலமாரியில் இருந்ததை ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஒரு கட்டுரையிலாவது, தோண்டி எடுத்த பொருள் எங்கே கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது, எடுத்த குழியைப் பிறகு யார் பார்த்தார்கள் என்ற கேள்வியை நான் காணவில்லை. சமையற்காரனைச் சோதிக்கிறவர்கள் கத்தியின் கூர்மையை மட்டும் பரிசோதித்துவிட்டுச் சாப்பாட்டை ருசி பார்க்காமல் எழுந்து போவது மாதிரி இருந்தது.

வயலுக்குப் போனோம். சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தார் வாத்தியார். அந்த ஊரில் தனியார் நிலத்தில் அனுமதியோடு தோண்டுவது குற்றம் இல்லை. தேசியப் பூங்காக்களாக வைத்திருக்கும் போர்க்களங்களில் தோண்டினால்தான் சிறை. 1979-இல் போட்ட சட்டம் இருக்கிறது. அவர் சட்டத்தை மீறாதவர்.

மண் நல்ல செம்மண். நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது. அந்த மண்தான் பரீட்சைக்கே காரணம். யந்திரத்தின் வட்டத்துக்குள் கம்பிச் சுருள் இருக்கிறது. அதில் திசை மாறி மாறி மின்சாரம் ஓடுகிறது. அந்தக் காந்தப் புலம் தரைக்குள் இறங்கி, வழியில் உலோகம் இருந்தால் அதற்குள்ளும் ஒரு சுழல் மின்சாரத்தைக் கிளப்பிவிடுகிறது. அந்தச் சுழல் திருப்பி அனுப்பும் மெல்லிய பதிலைச் சுருள் வாங்கிக்கொள்கிறது. வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகப் பதில் சொல்லும். ஈயம் வேறு விதம். இரும்பு இன்னொரு விதம். பதில் எவ்வளவு தாமதிக்கிறது என்பதை வைத்து யந்திரம் ஒரு எண்ணைக் காட்டுகிறது. செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகமாதலால் மண்ணே பதில் சொல்லத் தொடங்கிவிடும்; சாதாரண யந்திரங்கள் குழம்பிப் போகும். ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளை அனுப்புகிற இந்தப் புது யந்திரம் மண்ணின் கூச்சலைத் தள்ளிவிட்டுப் பொருளின் குரலை மட்டும் கேட்கும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. அதைத்தான் சோதிக்க வேண்டும்.

சோதித்தோம். கம்பெனி பொய் சொல்லவில்லை. வெண்ணிறமாகப் பூத்துப் போன ஈயக் குண்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. மினியே குண்டு என்கிறார்கள்; அடியில் மூன்று வளையம் போட்டிருக்கும். உள்ளங்கையில் வைத்தபோது கனத்தது. பகல் ஒரு மணிக்கு என் முறை வந்தது. பத்து அடி நடந்திருப்பேன். காதில் கிண்ணென்று ஒரு சத்தம். தோண்டினேன். பச்சை படிந்து ஒரு வட்டம். துடைத்தால் கழுகு. சிறகை விரித்து, நெஞ்சில் கேடயத்தோடு. வடக்குத் தரப்புப் போர்வீரன் ஒருவனுடைய கோட்டுப் பொத்தான்.

வாசகர்களே, நான் இந்த வேட்டையைத் திட்டப் போகிறேன். ஆகவே அந்த நிமிஷத்தில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைத்தால் அயோக்கியன் ஆவேன். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன். ஒரு கதை முடிந்த இரவில்கூட அப்படி மனம் குதித்ததில்லை. அந்தப் பொத்தானைக் கடைசியாகத் தொட்ட கைக்கும் என் கைக்கும் நடுவில் வேறு யாருமே இல்லை. இந்தப் போதைக்கு மனிதர்கள் அடிமையாவது எனக்கு நன்றாகப் புரிகிறது.

பொத்தானுக்குப் பிறகு யந்திரம் தொந்தரவு கொடுக்க ஆரம்பித்தது. வயலின் ஒரு மூலையில் ஓயாமல் கரகரவென்று இருமியது. தோண்டினேன், ஆணி. மறுபடி தோண்டினேன், ஆணி. துருவேறி, சதுர உடம்போடு, விரல் நீளத்துக்கு. ஏழெட்டு எடுத்துவிட்டேன்.

"சதுர ஆணி, பழசுதான். ஆனால் குப்பை. வேலிக்கு அப்பால் எறிந்துவிடுங்கள்" என்றார் வாத்தியார். "இங்கே ஏதோ கொட்டகை இருந்திருக்க வேண்டும். இப்படி ஆணி கிடந்தால் பரீட்சை கெட்டுப்போகும்." யந்திரத்தை வாங்கி ஒரு பொத்தானை அழுத்தினார். கரகரப்பு நின்றுவிட்டது. "இரும்பை ஊமையாக்கிவிட்டேன். இந்த மாடலின் பெரிய சிறப்பே இதுதான். ஆணிக்கு நடுவில் வெள்ளி கிடந்தால், வெள்ளியை மட்டும் சொல்லும்."

நான் ஆணிகளை வேலிக்கு அப்பால் புதரில் எறிந்தேன். ஒவ்வொன்றாக, குறி பார்த்து எறிந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனும் அவன் மனைவியும் என்னை மான்ட்பெலியருக்கு அழைத்துப் போனார்கள். பக்கத்து ஆரஞ்சு கவுண்டியில் இருக்கிறது. அமெரிக்காவின் நான்காவது ஜனாதிபதி ஜேம்ஸ் மாடிசனுடைய மாளிகை. அந்த நாட்டு அரசியல் சட்டத்தின் தந்தை என்று அவரைச் சொல்கிறார்கள். மனிதனுடைய சுதந்திரத்தைப் பற்றி அவர் யோசித்துக்கொண்டிருந்த அறையும் இருக்கிறது. அவர் யோசிப்பதற்காக வயலிலும் அடுப்படியிலும் வெந்துகொண்டிருந்த அடிமைகளின் குடியிருப்பும் இருக்கிறது. மாளிகை கல்லும் செங்கல்லுமாக நின்றுவிட்டது. குடிசைகள் நிற்கவில்லை. மாளிகையை ஒட்டியிருந்தவற்றைத் தேடிக் கண்டு, அஸ்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வயற்காட்டு அடிமைகளின் குடிசைகள் எங்கே இருந்தன? படம் கிடையாது, பத்திரம் கிடையாது. கட்டையை அடுக்கிக் கட்டிய வீடு மக்கிப் போனால் தரையில் என்ன மிஞ்சும்?

ஆணி மிஞ்சும்.

அங்கே அதைக் கேட்டபோது எனக்குக் கை கால் ஓடவில்லை. 2010-களில் அந்த மாளிகையின் தொல்லியலார் ஒரு காரியம் செய்தார்கள். வயல் வயலாகத் திரியும் இந்த யந்திரக்காரர்களையே அழைத்தார்கள். காட்டையும் வயலையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் நடக்கச் சொன்னார்கள். ஒரு நிபந்தனை: இரும்பை ஊமையாக்கக்கூடாது. ஆணி எங்கே அதிகம் கேட்கிறது என்பதைக் குறித்துக்கொண்டே போனார்கள். ஆணி அடர்ந்த இடம் ஒரு வீடு. அடித்துச் செய்த ஆணி என்றால் பெரும்பாலும் 1800-க்கு முந்திய காலம். யந்திரத்தில் வெட்டிய சதுர ஆணி என்றால் அதற்குப் பிந்தியது. கம்பி ஆணி என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. ஆணிகள் நிறைய இருந்தால் பலகை வீடு. கொஞ்சமாக இருந்தால் கட்டை அடுக்கிய குடிசை. பெயரே எழுதப்படாத குடும்பங்களின் கதவும் கூரையும் இருந்த இடம், இந்தக் கணக்கில்தான் அகப்பட்டிருக்கிறது.

அதாவது, என் நண்பர் எந்தப் பொத்தானை அழுத்திப் பரீட்சையில் யந்திரத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தாரோ, அந்தப் பொத்தானை அழுத்தினால் அடிமைகளின் வீடுகள் காதில் விழாது. போர்வீரனுடைய கழுகுப் பொத்தான் விழும். எஜமானனுடைய வெள்ளிக் கரண்டி விழும். அவனுக்குச் சமைத்தவளின் வீட்டு வாசற்கதவு விழாது. ஜீவித்திருந்தபோது அவள் பேச்சு சபையில் ஏறவில்லை. செத்து ஒன்றரை நூற்றாண்டு கழித்தும், 'குப்பை' என்று தடுக்க ஒரு விசையைக் கண்டுபிடித்து, அதைப் புது மாடலின் சிறப்பு என்று அச்சடிக்கிறோம்.

1860-இல் எடுத்த ஜனக்கணக்கின்படி கல்பெப்பர் கவுண்டியின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அடிமைகள். அப்படியானால் நான் புதரில் எறிந்த ஆணிகள் யாருடையவை? போர்வீரர்கள் பனிக்காலத்துக்குப் போட்ட குடிசையா, வாத்தியார் சொன்ன கொட்டகையா, ஒரு அடிமைக் குடும்பத்தின் வீடா? தெரியாது. இனி ஒருவராலும் தெரிந்துகொள்ள முடியாது. அவை கிடந்த இடத்திலேயே கிடந்திருந்தால் என்றாவது ஒருவர் வந்து கேட்டிருப்பார். நான் எடுத்து எறிந்த ஆணிகள் வெறும் துரு.

இதை நான் வாத்தியாரிடம் சொன்னேன். அவருக்குக் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. வருத்தத்தோடு சில நியாயங்களைச் சொன்னார். இந்த வேட்டைக்காரர்கள் எல்லாரும் சொல்லும் நியாயங்கள்தான். அவற்றைத் தட்டிக் கழிப்பது சரியல்ல, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"நாங்கள் எடுக்காவிட்டால் கலப்பை உடைக்கும், உரம் அரிக்கும், நாளைக்குக் கட்டடம் வந்து புதைக்கும்" என்றார். உண்மை. ஈயமும் பித்தளையும் உர உப்பில் அரித்துப் போகின்றன. வடக்கு வர்ஜீனியாவில் கம்ப்யூட்டர் கிடங்குகள் வயல்களை விழுங்கி வருவதையும் கண்ணால் பார்த்தேன். ஆனால் தீப்பிடித்த வீட்டுக்குள் ஓடி, தாலிக்கொடியைக் கழற்றிக்கொண்டு வந்து, 'போட்டிருந்தவள் யார் என்று கவனிக்கவில்லை' என்கிறவனை நாம் என்னவென்று சொல்வோம்? காப்பாற்ற அவசரம் இருக்கிறது என்பது குறித்துக்கொள்ளாமல் எடுப்பதற்கு நியாயம் ஆகாது. அவசரம் இருக்கிற இடத்தில்தான் குறிப்பு இன்னும் முக்கியம். திரும்பப் போய்ப் பார்க்க முடியாதல்லவா?

"படித்தவர்கள் இந்த வயலுக்கெல்லாம் வரப்போவதே இல்லை" என்றார். இதுவும் பெருமளவு உண்மை. ஆனால் அவர்கள் வராத இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள் என்றால் உங்கள் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. லிட்டில் பிக்ஹார்னில் என்ன நடந்தது? 1876 ஜூன் 25-ஆம் தேதி கஸ்டர் என்ற தளபதி தன் படையோடு மாண்ட இடம். நூறு வருஷமாக அமெரிக்காவில் அதைப் பற்றிச் சித்திரமும் கட்டுக்கதையும் எழுதித் தள்ளினார்கள். 1983-இல் காட்டுத் தீ வந்து புல்லை எரித்துவிட்டது. 1984-இல் தொல்லியலார், இதே யந்திரங்களைப் பிடித்த தொண்டர்களை வரிசையாக நடக்கவிட்டார்கள். சத்தம் கேட்ட இடத்தில் ஒரு கொடி; எடுப்பதற்கு முன் அளவு. சுட்டுத் தள்ளிய தோட்டாக் கூடுகளில் துப்பாக்கியின் ஊசி குத்திய தழும்பு இருக்கும். போலீஸார் கொலை வழக்கில் பார்ப்பது போல ஒப்பிட்டார்கள். ஒரே துப்பாக்கி இங்கே சுட்டது, பிறகு அங்கே நகர்ந்து சுட்டது என்று களத்தில் ஓடிய வழியே தெரிந்தது. பூர்வகுடி வீரர்கள் அந்தக் காலத்திலேயே சொல்லி, ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளாத பல செய்திகளோடு அது பொருந்திற்று. அந்தத் தோட்டாக்களை ஒருவர் முன்பே பொறுக்கிப் பஞ்சில் வைத்திருந்தால் அவை வெறும் பித்தளை.

இங்கிலாந்தில் இன்னொரு சம்பவம். ஸபோக் மாவட்டத்தில் ஹாக்ஸன் என்ற கிராமம். 1992 நவம்பரில் ஒரு குடியானவர் தம்முடைய சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். நண்பர் எரிக் லாஸ் யந்திரத்தோடு தேடப் போனார். சுத்தியலுக்குப் பதிலாகப் பொன்னும் வெள்ளியும் வந்தன. ரோமானியர் காலத்துப் புதையல். நாணயம் மட்டும் ஏறக்குறைய பதினையாயிரம். அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? கொஞ்சம் எடுத்ததோடு கையை நிறுத்திக்கொண்டு சொல்லியனுப்பினார். தொல்லியலார் வந்து முறையாக எடுத்தார்கள். அதனால் பெட்டி மக்கிப் போயிருந்தும் அதன் அளவு தெரிந்தது. எது எதற்குள் எப்படி அடுக்கியிருந்தது என்பது தெரிந்தது. அவருக்கும் நஷ்டம் இல்லை. பதினேழரை லட்சம் பவுன் வெகுமதியைக் குடியானவரோடு பகிர்ந்துகொண்டார். சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அந்த நாட்டில் 1996-இல் புதையல் சட்டத்தைத் திருத்தி, சின்னப் பொருள்களையும் பதிந்துகொள்ள ஒரு ஏற்பாடும் செய்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பொருள்கள், கிடைத்த இடத்தோடு பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலும் யந்திரக்காரர்கள் கொண்டுவந்தவை. படித்தவர்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு பென்சிலும் தாளும் எடுத்துப் போனால் போதும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"சட்டப்படி அனுமதி வாங்கித்தானே தோண்டுகிறோம்!" என்றார் கடைசியாக. நிலத்துக்காரர் அனுமதி கொடுத்தார், வாஸ்தவம். மண்ணுக்கு மேல் விளைவது அவருடையது. மண்ணுக்குள் கிடந்த ஆணியை அடித்தவருடைய பேரன் பேத்திகள் அந்த ஊரிலேயே இருக்கக்கூடும். அவர்களிடம் யார் அனுமதி கேட்டது?

யந்திரத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதன் பிறப்பே ஒரு நல்ல காரியத்துக்காக. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் சுட்டுவிட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே என்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், உலோகத்தைக் காதால் கேட்கும் கருவி ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஆனால் தலைமை டாக்டர், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று முன்பே முடிவு கட்டிவிட்டார். வலப்பக்கத்தில் மட்டும் தேடவிட்டார். கருவி ஒன்றும் சொல்லவில்லை. செப்டம்பரில் ஜனாதிபதி காலமானார். உடலை அறுத்துப் பார்த்தபோது குண்டு முதுகெலும்புக்கு இடப்பக்கம் இருந்தது. கருவிக்குக் காது இருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானித்தவர்தான் செவிடர். நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. அந்த டாக்டர் இன்னும் சாகவில்லை. இரும்பை ஊமையாக்கும் விசையில் விரல் வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பரீட்சை எழுதுகிற கனவான்களுக்கு ஒரு விண்ணப்பம். எத்தனை அங்குலம் என்று எழுதுங்கள். தோள் வலியையும் எழுதுங்கள். அதோடு இதையும் எழுதுங்கள்: இந்த யந்திரத்தோடு ஒரு நாள் நடந்ததில் எத்தனை பொருளுக்கு இடம் குறித்தீர்கள்? ஆணி எத்தனை, எந்த மூலையில்? எங்கே, 'இதற்கு மேல் தோண்டக்கூடாது, ஆளைக் கூப்பிட வேண்டும்' என்று கையை எடுத்தீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சோதனை, யந்திரம் விற்பதற்கான விளம்பரம். அதைச் சரித்திர சேவை என்று சொல்லாதீர்கள்.

'வர்ஜீனியாவில் ஆணி போனால் உமக்கென்ன?' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சொல்கிறேன். ஊருக்குத் திரும்பியதும், பழக்கமான ஒருவர் என் பொத்தானைப் பார்த்துவிட்டு, "அந்த மெஷின் என்ன விலை சார்? கரூரில் ஆற்றங்கரையில் ஒரு சுற்று சுற்றினால் போதுமே!" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமராவதி மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்திருப்பது ஊரறிந்த விஷயம். பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கும். காசு உருக்கும் கடைக்குப் போய்விடும்.

காசு போவதுகூடப் பெரிதல்ல. நம் நாட்டில் அந்த யந்திரம் இரும்பை ஊமையாக்காவிட்டாலும் செவிடுதான். கீழடியிலும் கொடுமணலிலும் தமிழ் எழுத்து எதன்மேல் கிடைத்தது? பானை ஓட்டின்மேல். பானைக்குச் சொந்தக்காரர் தம் பெயரைக் கீறி வைத்தது உடைந்த ஓட்டில் நிற்கிறது. அரசன் பெயர் காசில் இருக்கும். குடிமகன் பெயர் ஓட்டில் இருக்கும். ஓட்டுக்கு யந்திரத்தில் எண் கிடையாது. மான்ட்பெலியரில் ஒரு செங்கல்லைக் காட்டினார்கள். காயுமுன் அதைத் தொட்ட அடிமைக் குழந்தையின் விரல் பதிந்திருந்தது. அதற்கும் எண் கிடையாது. காசுக்காகக் குழி பறிக்கிறவன் மண்வெட்டியால் ஓட்டைப் பெயர்த்து ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவான். நான் ஆணியை எறிந்தேனே, அதைப் போல.

மான்ட்பெலியரிலிருந்து வந்த அன்று மாலை, இருட்டுவதற்குள் அந்த வயலுக்குப் போனேன். மருமகன் டார்ச் பிடித்தான். புதரில் முழங்கால் போட்டுத் தேடி, எறிந்ததில் மூன்று ஆணிகளைப் பொறுக்கினேன். "இதை என்ன மாமா பண்றது?" என்றான். எங்கே திருப்பி வைப்பது? குழிகளை ஒழுங்காக மூடிப் புல்லையும் பதித்துவிட்டிருந்தார் வாத்தியார். அந்த விஷயத்தில் அவர் பரம யோக்கியர். வயல் ஒரே மாதிரியாகக் கிடந்தது.

ஊர் திரும்புமுன் ஒரு தாளில் அந்த வயலின் படத்தை நினைவிலிருந்து போட்டு, 'இந்த மூலையில் ஆணிகள் அதிகம். சில என்னால் அப்புறப்படுத்தப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்திட்டு, மூன்று ஆணிகளோடு வாத்தியாரிடம் கொடுத்தேன். பொத்தானையும் கொடுத்தேன். பொத்தானை மட்டும் திருப்பித் தந்துவிட்டார். "இது உங்களுடையது. நீங்கள்தானே கண்டெடுத்தீர்கள்" என்றார்.

தாளை அவர் வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பரீட்சைக் கட்டுரை பிறகு வெளியாயிற்று என்று மருமகன் எழுதியிருந்தான். யந்திரத்துக்கு நல்ல பெயர். ஆணிகளைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லையாம். ஆனால் வாத்தியார் இப்போது வயலுக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துப் போகிறாராம்.